ஏறுபவருக்குப் பதக்கம், பேணுபவருக்கு?

2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஈவென்டிங் குதிரையேற்றப் போட்டியில் ஃபவாத் மிர்சா 23-ஆம் இடம் பிடித்தார். 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஓர் இந்தியர் இறங்கியதால் ஊடகங்கள் கொண்டாடின. கொண்டாடியது நியாயம்தான். செனியர் மெடிகாட் என்ற அவருடைய குதிரையின் பெயர்கூட நமக்குத் தெரியவந்தது. ஆனால் அந்தக் குதிரைக்கு விடியும் முன் தீனி வைத்து, லத்தி அள்ளி, கால்களைத் தடவிப் பார்த்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

பணக்காரர்களின் விளையாட்டைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். உழைப்பு எங்கே மறைக்கப்படுகிறதோ அங்கே பேச நமக்கு வேலை இருக்கிறது என்பதே எங்கள் பதில். அதிலும் குதிரை என்ற விலங்கு, இந்தியச் சாதிச் சமூகத்தில் வெறும் விலங்காக இருந்ததே இல்லை.

ஈவென்டிங் என்பது மூன்று கட்டப் போட்டி. முதலில் டிரெசாஜ்: கட்டளைக்கு இணங்கி ஒழுங்காக நடப்பது. அடுத்து கிராஸ் கன்ட்ரி: மேடு, பள்ளம், நீர், அசையாத தடைகள் ஆகியவற்றைத் தாண்டிப் பல கிலோமீட்டர் பாய்வது. கடைசியில் ஷோ ஜம்பிங்: தட்டினால் விழும் கம்பங்களைத் தட்டாமல் தாண்டுவது. மூன்றிலும் ஒரே குதிரை, ஒரே வீரர். தண்டனைப் புள்ளி குறைவாக உள்ளவருக்கே வெற்றி.

இந்த மூன்று கட்டங்களுக்கும் நடுவே உள்ள நேரம் முழுவதும் பராமரிப்பாளருடையது. டிரெசாஜுக்கு முன் பிடரி மயிரைச் சிறுசிறு பின்னல்களாகப் பின்னி, ஊசி நூலால் தைத்துச் சுருட்ட வேண்டும். தரை வழுக்கும் என்றால் லாடத்தில் உள்ள துளைகளில் இரும்புக் குமிழ்களைத் திருகி மாட்ட வேண்டும். எந்த மண்ணுக்கு எந்த அளவுக் குமிழ் என்று தெரிந்திருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரிக்கு முன் கால்களில் வழவழப்பான களிம்பு பூச வேண்டும். தடையில் கால் உரசினாலும் வழுக்கிப் போகட்டும் என்பதற்காக. சேணத்தின் வாரில் ஒரு தையல் பிரிந்திருந்தால்கூட வீரரின் உயிருக்கே ஆபத்து. அதைக் கண்டுபிடிப்பது பராமரிப்பாளரின் கண்.

குதிரை பாய்ந்து முடித்து வரும்போதுதான் உண்மையான பரபரப்பு. ஓய்வில் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் இருக்கும் அதன் உடல் வெப்பம், அப்போது 40-ஐத் தாண்டியிருக்கலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம் அதைப்போலப் பல மடங்கு துடிக்கும். சேணத்தைக் கழற்றி, குளிர்ந்த நீரை வாளி வாளியாக ஊற்றி, நடக்க வைத்து, வெப்பம் அளந்து, மறுபடியும் ஊற்ற வேண்டும். சூடான தசையில் குளிர்நீர் படக் கூடாது என்ற பழைய நம்பிக்கை, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளில் தகர்ந்தது. பிறகு கால்களுக்கு ஐஸ். வெட்டு உண்டா, வீக்கம் உண்டா, ஒரு காலில் மட்டும் சூடு தெரிகிறதா என்று இரவிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை நடுவர்கள் முன் குதிரையை ஓட்டிக் காட்டும் சோதனை இருக்கிறது. நொண்டினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலும் நல்ல உடை அணிந்த வீரரே குதிரையைப் பிடித்து ஓடிக் காட்டுவார். இரவெல்லாம் விழித்தவர் கையில் பிரஷ்ஷும் துணியுமாக ஓரத்தில் நிற்பார்.

இதை 'உதவி வேலை' என்று எப்படிச் சொல்ல முடியும்? உடற்கூறு, மருத்துவம், தோல் வேலை, வானிலை, மண் என எல்லாம் சேர்ந்த அறிவு இது. ஒலிம்பிக் மேடையில் இந்த அறிவுக்குப் பதக்கம் கிடையாது.

இந்தப் பாகுபாடு விளையாட்டின் விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. 1912-இல் ஈவென்டிங் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே அனுமதி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் அணி டிரெசாஜில் தங்கம் வென்றது. அணியில் இருந்த கேனல் பெர்சன் உண்மையில் சார்ஜென்ட்தான். போட்டிக்காகத் தற்காலிகமாக அதிகாரியாக்கப்பட்டவர். விஷயம் தெரிந்ததும் 1949-இல் தங்கம் பறிக்கப்பட்டது. அவர் குதிரை ஏறியதில் யாரும் குறை காணவில்லை. பதவி போதவில்லை, அவ்வளவே. அடுத்த ஒலிம்பிக்கில் விதி மாறியது. 1952-இல் அதே பெர்சன் இருந்த அதே ஸ்வீடன் அணி மீண்டும் தங்கம் வென்றது. ஈவென்டிங்கில் பெண்கள் இறங்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'தகுதி' என்ற சொல்லை யாராவது உங்கள் முகத்தில் வீசும்போது இந்தக் கதையை நினைவில் வையுங்கள்.

ஐரோப்பியப் பராமரிப்பாளரையும் நம் சமூகத்துக் குதிரைக்காரரையும் ஒன்றாக்கிப் பேச நாங்கள் விரும்பவில்லை. அங்கே குதிரைமீது உள்ள ஆசையால் இந்த வேலைக்கு வரும் இளம்பெண்கள் ஏராளம். 'பிடித்துத்தானே செய்கிறாய்' என்று சொல்லி நீண்ட நேர உழைப்பை மலிவாக வாங்குவது அங்குள்ள சுரண்டல். அதை எதிர்த்து அவர்கள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2007 முதல் பராமரிப்பாளர் சங்கம் இயங்குகிறது. அந்த வேலையை விட்டுப் போனால் அவர்களை அது துரத்துவதில்லை. இங்கே சாதி துரத்துகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் வடக்கே 'சைஸ்' என்று அழைக்கப்பட்டவரைச் சென்னை மாகாணத்தில் 'ஹார்ஸ் கீப்பர்' என்றார்கள். நம் மொழியில் குதிரைக்காரன். வெள்ளையர் வீடுகளில் சமையல், லாயம் போன்ற வேலைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருமளவில் இருந்தார்கள். குதிரையின் கூடவே வாழ்ந்தவர்கள் அவர்கள். சேணத்தில் உட்கார்ந்தது வேறு ஆட்கள்.

இந்த அறிவிலிருந்து ஒருவரை விலக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலேயே சான்று உண்டு. 1929-இல் சாலிஸ்கானில், தீண்டத்தகாதவரை ஏற்றிச் செல்வது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று டாங்காக்காரர் மறுத்தார். வண்டியை மட்டும் தந்தார். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். பாலத்தில் விபத்து நேர்ந்து குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கரின் கால் முறிந்தது. மேலைநாட்டில் படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞரைவிட ஒரு வண்டிக்காரர் தன்னை உயர்ந்தவராக நினைக்க முடிந்தது. வர்க்கத்தை மட்டும் வைத்துச் சாதியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அது பழைய கதை என்பவர்களுக்கு: 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டம் திம்பி கிராமத்தில் 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறியதும்தான் காரணம் என்று அவருடைய தந்தை புகார் கொடுத்தார். வட மாநிலங்களில் தலித் மணமகன் குதிரையில் ஊர்வலம் போகப் போலீஸ் பாதுகாப்பு தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் குதிரையின் இடத்தில் பைக் நிற்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காகத் தலித் மாணவரின் கை வெட்டப்பட்டதாகக் குடும்பத்தார் புகார் அளித்தார்கள். லத்தி அள்ளலாம், லாயத்தில் படுக்கலாம். ஏறி உட்கார்ந்தால் குற்றம். குதிரையின் உடம்பைச் சாதி இப்படித்தான் பங்கு போட்டிருக்கிறது.

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் தனிநபர் தங்கம் வென்ற ரகுபீர் சிங், அதிகாரி அல்லாத தஃபேதார் பதவியில் இருந்தவர். 1948-இன் விதி நீடித்திருந்தால் அந்தத் தங்கம் நமக்கு இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளிமையானவை. குதிரையேற்றக் கிளப்புகளிலும் பந்தய லாயங்களிலும் உள்ள பராமரிப்பாளர்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், குறைந்தபட்ச ஊதியம், உதைபட்டாலோ கடிபட்டாலோ காப்பீடு. அவர்களின் திறனுக்கு அரசுச் சான்றிதழ். அவர்களின் பிள்ளைகளுக்குச் சவாரிப் பயிற்சியில் இடம். வெற்றிச் செய்தியில் அவர்களின் பெயர்.

சமூகவியல் படிக்கும் தோழர்களே, ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்களா? உங்கள் நகரத்து லாயம் ஒன்றுக்குப் போங்கள். வேலை செய்பவர்களிடம் ஊர், ஊதியம், வேலை நேரம் பற்றிக் கேளுங்கள். கடைசியாக ஒன்றையும் கேளுங்கள்: "இந்தக் குதிரையில் எப்போதாவது ஏறியிருக்கிறீர்களா, அண்ணா?" அவர் சொல்லும் பதிலிலிருந்து உங்கள் ஆய்வைத் தொடங்கலாம்.