கோமாளி வேறு, நகைச்சுவை நடிகர் வேறு

மேடையில் சிரிக்க வைக்கிற எல்லாரையும் ‘காமெடியன்’ என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கோமாளியின் கலைக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் இது. கிரேஸி மோகனின் நாடகத்தில் மாது என்ற பாத்திரம் பொய் மேல் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது, அந்த நடிகர் நிஜமாகவே பதற வேண்டும். எதிரே சபா நிறைய ஜனம் இருப்பது மாதுவுக்குத் தெரியவே கூடாது. கைதட்டல் அடங்கக் காத்திருக்கும் நொடியைக்கூட மாதுவின் திகைப்பாகத்தான் காட்டுவார். தெருக்கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்கு இப்படி ஒளிந்துகொள்ள ஒரு பாத்திரம் கிடையாது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடி நிற்க, எந்த தேசத்து ராஜா, பேர் என்ன என்று கேட்பவன் அவன். ராஜா பாடியதை ஊர்ப்பேச்சில் அவிழ்த்துச் சொல்வான். அடுத்த கணமே ஜனங்கள் பக்கம் திரும்பி உள்ளூர்க் கதை பேசுவான். அஸ்தினாபுரத்திலும் தெருவிலும் ஒரே நேரத்தில் நிற்பவன் அவன். சொன்னது எடுபடாவிட்டால் பழி அவன் தலையில்தான். அந்தத் தோல்வியையே அவன் அடுத்த சிரிப்பாக்குகிறான்.

பாரிஸில் 1956-இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகாக்கின் கோமாளிப் பயிற்சியும் இப்படி ஒரு தோல்வியிலிருந்துதான் பிறந்தது. மாணவர்களைச் சிரிக்க வைக்கச் சொன்னார். என்னென்னவோ சேஷ்டை செய்தும் ஒருவரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய் அவர்கள் இடத்தில் உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு எழுந்தது. சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’ (1928) படமும் இதையே காட்டுகிறது: சிரிக்க வைக்க முயலும்போது சாப்ளின் நடிக்கும் நாடோடியால் முடியவில்லை, அறியாமல் தடுமாறும்போது கூடாரமே குலுங்குகிறது.

கோமாளியின் தடுமாற்றமும் ஒத்திகை பார்த்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான்; சாப்ளினே அதைத் திட்டமிட்டுத்தான் எடுத்தார். ஆனால் விழுவதைப் பழகலாம், விழுந்தபின் இன்றைய கூட்டம் எப்படிப் பார்க்கும் என்பதைப் பழக முடியாது. அதற்கு அந்த நொடியில்தான் பதில் சொல்லியாக வேண்டும். சபா நடிகர்களும் கைச்சரக்கு சேர்ப்பதுண்டு. அது மாதுவுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டு அவர்களுக்கு உண்டு. கட்டியக்காரனுக்கு எதிரே இருக்கும் ஜனம்தான் கட்டு. அதனால்தான் அவன் சினிமா காமெடியை அப்படியே ஒப்பிக்கும்போது உறுத்துகிறது. சினிமா கலந்தால் கூத்து கெட்டுவிடும் என்பதல்ல என் கட்சி. காலத்தோடு பேசுவது அவன் வேலையே. ஆனால் வேறொருவர் ஏற்கெனவே ஜெயித்துக் கொடுத்த வசனத்தைச் சொல்லும்போது, தோற்கும் வாய்ப்பையே அவன் கைவிட்டுவிடுகிறான்.