கேமரா தூரத்தைத் தந்திருக்கு, நாங்கள் ஏன் இன்னும் கிட்டப் போறம்?

இந்த வார எபிசோடில கேமராவுக்குள்ள வந்திருக்கிற ஏஐ பற்றிக் கதைச்சம். அதில சொல்லி முடிக்க நேரம் கிடைக்காத ஒரு கருத்தை இங்க எழுதுறன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளப் போறது, பிரிட்டனில குளிர்காலத்தில பெர்ரி தின்ன வாற பறவைகளை.

ஒவ்வொரு குளிர்காலமும் ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் ரெண்டும் ஸ்கண்டினேவியாப் பக்கம் இருந்து கூட்டம் கூட்டமா இங்க வரும். வாக்ஸ்விங் அப்பிடி இல்லை. வடக்கில பெர்ரி போதாமல் போற வருஷங்களிலதான் அது பெருந்தொகையா வரும். 2023-24 குளிர்காலம் அப்பிடி ஒண்டு. தலையில கொண்டை, இறக்கையில சிவப்பு மெழுகு தொட்டு வச்ச மாதிரிப் புள்ளிகள். இவ்வளவு வடிவான பறவையைப் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. சூப்பர்மார்க்கெட் கார் பார்க்குக்குப் போனால் போதும், அழகுக்காக நட்ட ரோவன் மரங்கள் அங்க பழத்தோட நிக்கும்.

எங்களுக்கு அது படம். அதுக்கு அது சாப்பாடு. டிசம்பர் கடைசியில லண்டனில பகல் 8 மணித்தியாலம்கூட இல்லை. ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள ஒரு உயிர், அந்த நேரத்துக்குள்ள தின்றதை வச்சு 16 மணித்தியாலக் குளிர் இரவைத் தாண்ட வேணும். நாங்கள் இன்னும் ரெண்டு அடி கிட்டப் போக அது பறந்தால், தின்னுற நேரமும் போச்சு, பறக்கச் செலவழிச்ச சக்தியும் போச்சு.

இனி டெக் பக்கம் வருவம். 2021இல வந்த சோனி ஆல்ஃபா 1, பறவையின்ர கண்ணைத் தானாகவே கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணும். 50 மெகாபிக்சல், செக்கனுக்கு 30 படம், சத்தமே இல்லாத ஷட்டர். இப்ப இதில பாதி வசதி விலை குறைஞ்ச கேமராக்களிலயும் இருக்கு. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கோ. 10 மீட்டரில நிக்கிறதுக்குப் பதிலா 20 மீட்டரில நிண்டு, அதே லென்ஸால எடுத்து, அகலத்திலயும் உயரத்திலயும் பாதியா வெட்டினால் 12 மெகாபிக்சலுக்கு மேல மிஞ்சும். 4கே திரைக்கு வேண்டியது 8 மெகாபிக்சல் சொச்சம்தான். வெட்டினால் மங்கல் வெளிச்சத்தில நொய்ஸ் கூடத் தெரியும், உண்மைதான். அதைத் துடைக்கிற ஏஐ 2023இலயே லைட்ரூமுக்குள்ள வந்திட்டுது.

என்ர வாதம் இதுதான். இந்தத் தொழில்நுட்பத்தின்ர பெரிய கொடை கூர்மையான படம் இல்லை, தூரம். 10 மீட்டர் தள்ளி நிக்கிற வசதியைக் காசு குடுத்து வாங்கிப்போட்டு, பிறகும் மரத்துக்குக் கீழ போய் நிண்டால் அந்தக் காசுக்கு என்ன அர்த்தம்?

"வாக்ஸ்விங் ஆட்களுக்குப் பயப்பிடாதே" எண்டு சிலர் கேப்பினம். சரி, அது கொஞ்சம் துணிஞ்ச பறவைதான். ஆனா அதே மரத்துக்கு வாற ரெட்விங்கும் ஃபீல்ட்ஃபேரும் அப்பிடி இல்லை. மிசில் த்ரஷ் எண்டு இன்னொரு பறவை இருக்கு. அது ஒரு பழமரத்தைத் தன்ர எண்டு பிடிச்சு வச்சு, மற்றப் பறவைகளைத் துரத்தித் துரத்திக் குளிர்காலம் முழுக்கக் காவல் காக்கும். அந்தக் காவல்காரரை நாங்கள் கலைச்சால், அது சேமிச்சு வச்சதை வேற கூட்டம் வந்து முடிச்சிடும்.

சட்டம் காப்பாற்றும் எண்டும் நினைக்காதேங்கோ. 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில ரெட்விங், ஃபீல்ட்ஃபேருக்குச் சிறப்புப் பாதுகாப்பு இருக்கு. ஆனா அவற்றைக் குழப்பக்கூடாது எண்ட விதி கூடு கட்டுற காலத்துக்குத்தான். ஜனவரியில பழம் தின்னுற பறவைக்கு எங்கட மனச்சாட்சி மட்டும்தான் சட்டம்.

அதனால செய்யக்கூடியது சிம்பிள். பறவையைத் துரத்தாதேங்கோ, மரத்தைத் தெரிவு செய்யுங்கோ. பழம் நிறைய இருக்கிற கொப்பைப் பார்த்து, வெளிச்சம் உங்கட முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரிக் காரை நிப்பாட்டி, கண்ணாடியை இறக்கிப்போட்டு உள்ளயே இருங்கோ. காருக்குப் பறவைகள் அவ்வளவா வெருளாது. சாம்பல் வானம் பின்னால இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டெப் கூட்டுங்கோ, இல்லாட்டிப் பறவை கறுப்பு நிழலாத்தான் வரும். ஷட்டர் 1/1000க்குக் கிட்ட இருந்தால், பழத்தை மேல எறிஞ்சு வாயால பிடிக்கிற அந்தக் கணமும் கிடைக்கும். அம்மா "அஞ்சு நிமிஷத்தில வாறன்" எண்டு கடைக்குள்ள போற நேரமே இதுக்குத் தாராளம்.

ஒரு பறவைப் படம் நல்லா வந்ததா எண்டு பார்க்க என்னட்ட ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கு. நாங்கள் போன பிறகும் அது அதே கொப்பில இருந்து தின்னுதா? ஓம் எண்டால் போஸ்ட் பண்ணுங்கோ. நீங்கள் இதை ஒத்துக்கொள்ளாட்டி இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, அடுத்த எபிசோடில சண்டை பிடிப்பம்.