'எங்கட கடை' எண்டால் ஆற்றை கடை?

யாழ்ப்பாணத்தில் கம்பனிக் கடை ஒன்று புதிதாகத் திறந்தால் போதும், அடுத்த நாளே முகநூலில் ஒப்பாரி தொடங்கிவிடும். "எங்கட கடையள் எல்லாம் சாகப்போகுது." "எங்கட சாப்பாட்டை மறந்திட்டம்." "கோழிப் பொரியலுக்குக் கியூவில நிக்கிற சமுதாயம் உருப்படுமோ?" எழுதுகிறவர் அநேகமாக லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். அங்கே அவர் சாமான் வாங்குவது எந்தக் கடையில் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இங்கே இருந்து எழுதுகிறவர் என்றால், எழுதி முடித்த கையோடு அதே கடையின் ஏசிக்குள் பால்மாவுக்கு நிற்பார்.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற சிலர். மன்னார், வவுனியா, கிளிநொச்சி, ஹற்றன், மட்டக்களப்பு என்று பல இடத்தில் இருந்து வந்து, திருநெல்வேலியில் அறை எடுத்து இருக்கிறவர்கள். எங்கட மாதம் ஓடுவது கடைகளை நம்பித்தான். பரமேஸ்வராச் சந்தியில் எந்தக் கடையில் சோறு கூடப் போடுவினம், எந்தக் கடையில் கறி நேற்றையது என்றெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அந்தத் தகுதியில் சில கருத்துகளைச் சொல்கிறோம். ஊர்ப்பற்றாளருக்கும் பிடிக்காது, கம்பனிக்காரருக்கும் பிடிக்காது. பிடிக்கோணும் எண்டு எழுதவும் இல்லை.

ஒன்று: பழைய தேத்தண்ணிக்கடை எல்லாருக்குமானதாக இருக்கவில்லை

'அந்தக்காலத்துத் தேத்தண்ணிக்கடை' என்று உருகுகிறவர்களிடம் ஒரு கேள்வி. அந்தக் கடைக்குள் ஆர் இருந்து குடிச்சது?

1960களிலும் யாழ்ப்பாணத்தில் பல தேநீர்க்கடைகளுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் வந்து இருக்க முடியாது. வெளியில் நிற்கவேண்டும். வேறாக வைத்த போத்தலிலோ தகரப் பேணியிலோ ஊற்றித் தருவதை வாங்கிக் குடிக்கவேண்டும். இதைத் தடுக்க 1957 இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் கடைக்காரரின் கிளாஸ் வரவில்லை. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்கள் பொலிஸாரிடம் அடி வாங்கினார்கள். அதற்குப் பிறகு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் சங்கானை, சாவகச்சேரி என்று கடை கடையாக, கோயில் கோயிலாகப் போராடவேண்டி வந்தது. ஒரு கிளாஸ் தேத்தண்ணியை வாங்கில் இருந்து குடிக்க, ஆக்கள் உயிரைக் குடுத்திருக்கினம். அந்தக் காலத்தை அறிய விரும்பினால் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை வாசியுங்கள், எங்களை நம்பவேண்டாம்.

இண்டைக்குப் போத்தல் இல்லை. ஆனால் "தம்பி எவடம்?" இருக்கு. "ஆற்றை மகன்?" இருக்கு. அது பாசத்தில் கேட்கிற கேள்வி என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியும். கார்கில்ஸிலோ கீல்ஸிலோ காசாளர் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: கார்ட்டா, காசா? கம்பனி சாதியை ஒழித்துவிட்டது என்று நாங்கள் சொல்லவரவில்லை. அதுக்கு அந்த நோக்கமும் இல்லை, எங்கட பொக்கெற்றில்தான் அதுக்குக் கண். ஆனால் ஆர் எண்டு தெரியாத ஒருவராக ஒரு கடைக்குள் போய்வருகிற சுகம் சிலருக்குச் சாதாரணம், சிலருக்குப் புதுசு. அந்தச் சுகத்தை 'அந்நிய கலாசாரம்' என்று பேசுகிறவர் எந்தப் பக்கத்து வாங்கில் இருந்தவர் என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கு.

இரண்டு: கே.எவ்.சியின் கதிரை பெடிச்சியளுக்கு வேணும்

கோழி சுமார்தான். விலைக்கு அது காணாது. அதே காசுக்கு ரெண்டு பேர் வயிறு நிறையக் கொத்து சாப்பிடலாம். ஆனாலும் எங்கட பட்சில் பெண்பிள்ளைகள் காசு சேர்த்து அங்கே போகிறார்கள் என்றால், கோழிக்காக இல்லை, கதிரைக்காக.

பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பெண் தனிய ஒரு ரோட்டுக்கரைத் தேத்தண்ணிக்கடைக்குள் போய், ஒரு பிளேன்ரீயும் வடையும் எடுத்து, அரை மணித்தியாலம் புத்தகம் வாசிக்கலாமா? போய்ப் பாருங்கோ. முழுக் கடையும் திரும்பிப் பார்க்கும். ஒருத்தர் வீட்டுக்குப் போன் எடுத்தாலும் எடுப்பார். தேத்தண்ணிக்கடை ஊரின் நாடாளுமன்றம் என்று சொல்வார்கள். சரி, அந்த நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு ஒரு ஆசனமாவது இருந்ததா? குடும்பமாக வந்தால் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் ஒரு மேசை. தனிய வந்தால் 'பார்சல் கட்டவோ தங்கச்சி?'

'எங்கட கடை' வேணும் என்கிறவர்கள் அந்த ஒரு கதிரையை முதலில் போடட்டும். போட்டால் நாங்களே வந்து இருக்கிறோம், வடையும் நல்லாயிருக்கும்.

மூன்று: விலை ஒட்டியிருப்பதும் ஒரு மரியாதைதான்

சந்திக்கடையின் கடன் கொப்பியை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். 2022 இல் நாடு வங்குரோத்தாகி, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் நாள்கணக்கில் கியூவில் நின்றபோது, கொப்பியில் எழுதிவிட்டு அரிசியும் பருப்பும் தந்தது சந்திக்கடைதான். எந்தச் சுப்பர்மார்க்கெற்றும் கடன் தரவில்லை, தரவும் மாட்டுது.

ஆனால் கதையின் மற்றப் பாதியையும் சொல்லவேண்டும். அதே காலத்தில்தான் பால்மா மேசைக்குக் கீழே போனதும், தெரிந்த ஆக்களுக்கு மட்டும் வெளியே வந்ததும். எங்களைப் போல வெளியூர் முகத்துக்கு "முடிஞ்சுது" என்ற ஒரே பதில். கடன் கொப்பி இருக்கிறவர் விலை கேட்க முடியாது, பழுதான சாமானைத் திருப்பிக் குடுக்கவும் முடியாது. கொப்பி உதவியும்தான், விலங்கும்தான். கடன் எழுதும்போது அண்ணையின் முகம் எப்படி இருக்கும் என்று மாதக் கடைசியில் நிற்கிற எங்களுக்குத் தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தது 2003 இல். விலைப் பட்டியலைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கவேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் பில் கேட்டுப் பாருங்கோ. "முந்நூற்றம்பது தம்பி" என்று வாயால் வருவதுதான் பில். பக்கத்து மேசைக்கு அதே சாப்பாடு வேறு விலையாக இருக்கும், ஏனென்று கேட்டால் கோபம் வரும். ஊர்க்காரன் எண்டதுக்காகக் கணக்குக் கேட்கக்கூடாது என்பது என்ன நியாயம்?

நான்கு: கோபம் பிழையான வாசலில் நிற்கிறது

"தெற்கின் முதல் வந்து எங்கட பொருளாதாரத்தைத் தின்னுது" என்ற வாதம் இருக்கே, அதில் உண்மை இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். கார்கில்ஸ் 1844 இல் கண்டியில் தொடங்கிய கம்பனி, முதல் பூட் சிற்றியை 1983 இல் கொழும்பில் திறந்தது. யாழ்ப்பாணத்தில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தது 2013 இல். போர் முடிந்து நாலு வருசம். எங்கட ஆக்கள் விழுந்து எழும்பாத நேரத்தில், எழும்பி நின்றவர்கள் வந்து கடை போட்டார்கள். இது சமமான போட்டி இல்லைத்தான்.

ஆனால் அதே ஏ9 வீதியால் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வந்தன. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று தவணை கேட்டன. கணவனை இழந்த பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, காதில் கழுத்தில் இருந்ததையும் இழந்தார்கள். அவைக்கு எதிராக எழுதின பதிவு எத்தனை, கோழிப் பொரியலுக்கு எதிராக எழுதின பதிவு எத்தனை? எண்ணிப் பாருங்கோ. கோழி தின்கிற பெடியனைத் திட்டுவது சுகம். கடன் குடுத்தவனைத் திட்டினால் வேலை வெட்டி கிடக்கும்.

ஐந்து: கம்பனிக்காரரே, சிரிக்காதேங்கோ

இவ்வளவும் வாசித்துவிட்டுக் கம்பனிக்காரர் எங்களைத் தோளில் தூக்கவேண்டாம். உங்களுக்கும் இருக்கு.

தமிழ்ச் சனம் நிறைந்த ஊரில் கடை போட்டுவிட்டு, பில்லை ஆங்கிலத்தில் அடிப்பது ஏன்? பெயர்ப்பலகையில் மட்டும் தமிழ், அதிலும் எழுத்துப்பிழை. அம்மம்மா ஒருத்தர் சாமான் வாங்கிவிட்டு, என்ன வாங்கினோம் என்று அந்தத் துண்டில் வாசித்து அறியமுடியாது. சாப்பாட்டுக் கடைகளில் பத்து வீதம் சேவைக் கட்டணம் என்று பில்லில் ஏறும். அந்தப் பத்து வீதம் பரிமாறின பெடியனுக்குப் போகுதா? கேட்டால் பெடியன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கும் அவனுக்குப் பயிற்சி குடுத்திருக்கினம்.

எல்லாத்திலும் பெரியது கதிரை. இந்தமுறை வேலை செய்கிறவரின் கதிரை. புடவைக்கடையோ சுப்பர்மார்க்கெற்றோ, உள்ளூர் முதலாளியோ கொழும்புக் கம்பனியோ, நாங்கள் போகிற கடைகளில் நிற்கிற பிள்ளைகள் நின்றுகொண்டேதான் இருக்கினம். அவர்கள் ஆர்? எங்களோடு ஏஎல் எழுதினவர்கள். ஒரு சில புள்ளியில் நாங்கள் கம்பஸுக்கு வந்தோம், அவர்கள் கவுண்டருக்குப் போனார்கள். 'அங்காடித் தெரு' படம் 2010 இல் வந்தபோது எங்கட வீடுகளிலும் எல்லாரும் பார்த்து அழுதார்கள். அழுதுவிட்டு, அடுத்த தீபாவளிக்குக் கடைக்குப் போய் நாற்பது சாறி இழுத்துப் போடச் சொல்லி, ஒன்றும் எடுக்காமல் வந்தார்கள்.

கடையில் வேலை செய்கிறவருக்கு இருக்கை குடுக்கவேண்டும் என்று கேரளத்தில் 2018 இல் சட்டம் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2021 இல். கேரளத்தில் அது சும்மா வரவில்லை, கடைகளில் நின்று கால் வீங்கின பெண்கள் சேர்ந்து போராடினார்கள். எங்கட நாட்டில் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு என்று சொல்லுது. எழுபது வருசத்துச் சட்டம். தெரிந்த ஒரு கடைப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கோ, அந்த அரை நாள் கிடைக்குதோ எண்டு.

ஆறு: நல்ல 'செயின்' எங்களிடம் ஏற்கனவே இருக்கு

'பாரம்பரிய உணவு' என்ற பெயரில் மண்சட்டியில் ஒடியல் கூழ் ஊற்றி, வெளிநாட்டில் இருந்து வந்தவரின் பொக்கெற்றைப் பார்த்து விலை போடுகிற உணவகங்கள் எங்களுக்கு உவப்பில்லை. அதுவும் ஒரு கோழிப் பொரியல்தான், பனையோலை சுத்தின கோழிப் பொரியல்.

ஆனால் கம்பஸுக்குக் கிட்ட, திருநெல்வேலியில் 'அம்மாச்சி' இருக்கு. மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாடு. பெண்கள் கண்ணுக்கு முன்னால் சமைக்கிறார்கள், வித்த காசு அவர்களுடையது. வேறு மாவட்டங்களிலும் இருக்கு, அப்ப அதுவும் ஒரு 'செயின்'தானே. தோசை, குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, மாணவருக்குக் கட்டுப்படியாகிற விலை. ஒரு பெண் தனியப் போய் இருந்து சாப்பிடலாம், ஒருத்தரும் எவடம் என்று கேட்கமாட்டினம். 'எங்கட கடை' என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால், அது இதுதான்.

இன்னொன்று சங்கக்கடை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. பொருளாதாரத் தடைக் காலத்தில் நிவாரண அட்டைக்கு அரிசியும் மாவும் சீனியும் அளந்து ஊரைக் காப்பாற்றின கடை. அங்கத்தவர்தான் சொந்தக்காரர். சட்டப்படியே அது ஊரின் கடை. இண்டைக்கு அதில் தூசு பிடித்த அலுமாரியும் ரெண்டு பைக்கற் சவர்க்காரமும் கிடக்கு. கம்பனி வந்ததால் மட்டும் அது சாகவில்லை. பொதுக்கூட்டத்துக்கு ஒருத்தரும் போகாததாலும், நிர்வாகத்தில் இருந்தவர்களை ஒருத்தரும் கணக்குக் கேட்காததாலும் செத்துக்கொண்டிருக்கு. முகநூலில் ஒப்பாரி வைக்கிற ஆக்களில் எத்தனை பேர் தங்கட ஊர்ச் சங்கத்தில் அங்கத்தவர்?

ஆகவே இனி ஆராவது "எங்கட கடையைக் காப்பாற்றுவம்" என்று வந்தால், நாங்கள் மூன்று கேள்வி கேட்கப்போகிறோம். உள்ளே ஆர் வந்து இருக்கலாம்? விலை எழுதியிருக்கா, பில் தமிழில் வருமா? வேலை செய்கிற பிள்ளைக்குக் கதிரை இருக்கா? மூன்றுக்கும் ஓம் என்றால் முதலாளி எவடமாக இருந்தாலும் எங்களுக்குப் பரவாயில்லை. இல்லை என்றால், பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது ஆற்றையோ கடை.

நீங்களும் கேளுங்கோ. நாளைக்கு நீங்கள் சாப்பிடப் போகிற கடையில் இருந்தே தொடங்கலாம்.