செல்போன் தூங்கட்டும், கதவைச் சாத்திவிட்டுத் தூங்கட்டும்!

செல்போனும் தூங்கும். மனிதனைப் போலவே அதற்கும் அரைத் தூக்கம் உண்டு. ஆழ்ந்த தூக்கமும் உண்டு!

திரை அணைந்த சிறிது நேரத்தில் அரைத் தூக்கம் தொடங்கும். மேஜை மீது அசையாமல் கிடந்தால் ஆழ்ந்த தூக்கம் வந்துவிடும். ஆண்ட்ராய்டு போன்களில் இந்தத் தூக்கம் 2015-ம் ஆண்டில் புகுத்தப்பட்டது. சட்டைப் பையில் இருக்கும்போதே வருகிற அரைத் தூக்கம் அடுத்த ஆண்டில் வந்தது.

எதற்காக இந்தத் தூக்கம்? பேட்டரியை மிச்சப்படுத்தத்தான்.

தூங்கும் நேரத்தில் போனில் உள்ள செயலிகள் இஷ்டம்போல் இன்டர்நெட்டைத் தொட முடியாது. அவ்வப்போது போன் கொஞ்சம் கண் விழிக்கும். அப்போது எல்லாச் செயலிகளும் தங்கள் வேலையை அவசரமாக முடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மறுபடியும் தூக்கம்.

நல்ல ஏற்பாடுதான். இது இல்லாவிட்டால் காலையில் எழுந்து பார்க்கும்போது பேட்டரி இன்னும் அதிகமாகக் கரைந்து இருக்கும். ஆனால், வி.பி.என். வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஒரு தொல்லை வருகிறது. அதுவும் சொல்லாமல் வருகிறது!

சுரங்கப் பாதை

வி.பி.என். என்பது ஒரு சுரங்கப் பாதை மாதிரி. போனில் இருந்து புறப்படும் செய்தியைப் பூட்டி, தொலைவில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் வரை பத்திரமாகக் கொண்டு போகும். ரெயில் நிலையத்திலோ ஓட்டலிலோ உள்ள வை-பையில் இணைந்தாலும், இடையில் இருப்பவர் அதைத் திறந்து பார்க்க முடியாது.

2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது, வீட்டில் இருந்து வேலை பார்த்த பலர் இந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் அலுவலகக் கம்ப்யூட்டரை எட்டினார்கள். இன்றும் பல அலுவலகங்களில் அதுதான் வழக்கம்.

போன் தூங்கினால் இந்தச் சுரங்கம் இரண்டு விதமாகக் கெடும்.

ஒன்று: பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று போன், வி.பி.என். செயலியையே நிறுத்திவிடும். சில கம்பெனிகள் தங்கள் போனில் இதற்கென்று தனி ஏற்பாடே செய்து வைத்திருக்கின்றன. செயலி நின்றால் சுரங்கம் மறைந்துவிடும். செய்திகள் நிற்குமா? நிற்காது! திறந்த சாலையில் போகத் தொடங்கிவிடும். போன்காரர் சுரங்கத்தில்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டு இருப்பார்.

இரண்டு: சுரங்கம் அப்படியே இருக்கும், ஆனால் மறுமுனை நம்மை மறந்துவிடும். போனுக்கும் வெளி உலகுக்கும் நடுவே டெலிபோன் கம்பெனியின் கருவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யாருக்கு எந்த வழி என்று அது ஞாபகம் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை என்றால் ஞாபகத்தை அழித்துவிடும். குறைந்தது 2 நிமிடமாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும், 5 நிமிடம் இருந்தால் நல்லது என்று 2007-ம் ஆண்டிலேயே இன்டர்நெட் நிபுணர்கள் விதி எழுதினார்கள். எல்லாக் கருவிகளும் அந்த விதியை மதிப்பதில்லை!

அந்த நிலையில், திரையின் மேலே சாவிப் படம் தெரியும். இணைப்பு இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வெளியில் இருந்து எந்தச் செய்தியும் உள்ளே வராது.

ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். இரவு 2 மணிக்கு ரத்தப் பரிசோதனைப் பிரிவின் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. எச்சரிக்கை அவருடைய போனுக்கு வர வேண்டும். சுரங்கத்தின் வழியாகத்தான் வர வேண்டும். தலைமாட்டில் போன் தூங்குகிறது, அவரும் தூங்குகிறார். காலையில் மேலதிகாரி கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? "போன் தூங்கிவிட்டது" என்றால் யார் நம்புவார்கள்?

25 வினாடிக்கு ஒரு தட்டு

மறதிக்கு ஒரு மருந்து இருக்கிறது. 'ஒயர்கார்டு' என்பது இப்போது பலரும் பயன்படுத்தும் ஒரு வி.பி.என். முறை. ஜேசன் டோனன்பெல்டு என்பவர் உருவாக்கியது. அதில், 25 வினாடிக்கு ஒரு முறை மறுமுனையைத் தட்டி "இருக்கிறேன்" என்று சொல்ல வைக்கலாம்.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. ஒரு மணிக்கு 144 தட்டு. 8 மணி நேர இரவுக்கு 1,152 தட்டு! இத்தனை முறை எழுப்பினால் எந்தப் போன் தூங்கும்? பேட்டரி கரையத்தான் செய்யும். அதனால்தான் இந்தத் தட்டு, கேட்டால் ஒழிய வேலை செய்யாதபடி வைக்கப்பட்டு இருக்கிறது.

இரவு வேலைப் பொறுப்பு உள்ளவருக்கு இது தேவை. மற்றவர்களுக்கு எதற்கு? போனைக் கையில் எடுத்ததும் சுரங்கம் உயிர் பெற்றால் போதும். பேங்க் செயலிகள் வி.பி.என். இல்லாவிட்டாலும் செய்தியைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆகவே வீண் பயமும் வேண்டாம்.

ஆனால் முதலாவது கேடு அப்படிப்பட்டது அல்ல. காவல்காரன் தூங்குவது கூடப் பெரிதில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதை எப்படி ஏற்பது?

கதவைச் சாத்தும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. 'ஆல்வேஸ் ஆன் வி.பி.என்.' என்று பெயர். வி.பி.என். செயலிகளுக்கு இது 2016-ம் ஆண்டில் வந்தது. அதன் பக்கத்திலேயே, வி.பி.என். இல்லாமல் எதையும் வெளியே விடாதே என்று கட்டளையிடும் சுவிட்சும் உண்டு. செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க், அதற்குள் வி.பி.என்., அதற்குள் ஒரு பல்சக்கரப் படம் என்று தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐபோனிலோ, 'ஆல்வேஸ் ஆன் வி.பி.என்.' வசதி நிறுவனங்களின் மேற்பார்வையில் உள்ள போன்களுக்குத்தான்!

இது நியாயமா? வி.பி.என். செயலியை முதல் முறை திறக்கும்போதே, "சுரங்கம் அறுந்தால் இன்டர்நெட்டை நிறுத்தட்டுமா?" என்று போன் கேட்க வேண்டும். அறுந்தால் மணி அடித்துச் சொல்ல வேண்டும். பேட்டரி போனாலும் பரவாயில்லையா, இணைப்பு போனாலும் பரவாயில்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் பணம் கொடுத்து வாங்கியவர்தான்.

சாத்திய கதவிலும் ஒரு சிறு சந்து உண்டு என்பது 2022-ம் ஆண்டு தெரிய வந்தது. வை-பையில் சேரும்போது, இணைப்பு சரியாக இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு செய்யும் சோதனை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே போகிறது என்று சுவீடன் நாட்டு வி.பி.என். கம்பெனியான முல்வாட் எடுத்துச் சொன்னது. அது தெரிந்தே வைத்த ஏற்பாடு என்றது கூகுள். தெரிந்தே வைத்ததை வாங்குகிறவருக்கும் சொல்லி இருக்கலாம் அல்லவா?

கம்பெனிகள் திருந்தும் வரை நாம் செய்யக்கூடியது இரண்டு. மேலே சொன்ன இரண்டு சுவிட்சுகளையும் போட்டு வைக்கலாம். பேட்டரி செட்டிங்ஸில் வி.பி.என். செயலிக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று குறித்து வைக்கலாம்.

பிறகு திரையை அணைத்து, போனை மேஜை மீது 2 மணி நேரம் அசையாமல் வைத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். சார்ஜரில் போட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. மின்சாரம் ஏறும்போது போனுக்கு அந்தத் தூக்கம் வருவதில்லை.