அகப்பை கண்காட்சிப் பொருளா?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அண்மையில் ஒரு பழமொழி கற்பித்தேன்: "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்." பொருளைப் பிழையின்றி ஒப்புவித்தார்கள். "அகப்பை என்றால் என்ன?" என்று கேட்டேன். வகுப்பே அமைதியானது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "பொங்கல் விழாவில் 'தொடாதீர்' என்று எழுதி மேசைமேல் வைத்திருந்தார்களே, அதுவா ஐயா?" என்றாள்.

அதேதான். அந்த அட்டையை எழுதி வைத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே! கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய எளிய அகப்பையையும், உப்பும் ஊறுகாயும் வைத்த மரவையையும், மோர் கடைந்த மத்தையும் அரும்பொருள்களாக்கிவிட்டுப் பண்பாட்டைக் காத்துவிட்டதாக மகிழ்கிறோம். கையில் புழங்காத பொருளின் பெயர் நாவில் எப்படி நிற்கும்?

"மரத்தில் கிருமி சேரும்" என்பது பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காய்கறி நறுக்கும் பலகைகளை ஆராய்ந்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். மரப்பலகையில் இட்ட நுண்ணுயிரிகளை மீட்டெடுப்பதே அரிதாயிற்று. கத்தித் தழும்பேறிய நெகிழிப் பலகையிலோ அவை நிலைத்திருந்தன. கழுவாத மரமும் தூய்மையானது என்று நான் வாதிடவில்லை. மரப்பாத்திரத்தை நீரில் ஊறவிடாமல் கழுவித் துடைத்துக் காற்றில் உலர்த்த வேண்டும். விரிசல் விட்டால் எறிந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

மாறாக, நாம் ஐயமின்றி நம்பும் மெலமைன் கிண்ணம் எத்தகையது? தைவானில் 12 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. சூடான மீ சூப்பை மெலமைன் கிண்ணத்தில் உண்டபோது சிறுநீரில் வெளியேறிய மெலமைன், பீங்கான் கிண்ணத்தில் உண்டபோது இருந்ததைவிட ஆறு மடங்குக்கும் மேல் இருந்தது. சிறிய ஆய்வுதான், அதனால் நோய் வரும் என்று அது மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் கொதிக்கும் சாம்பாரை அதில் ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுக்கும்முன் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் என் நெஞ்சைச் சுடுகிறது. நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டிய இரப்பர் மரம், ஏறத்தாழ 25 ஆண்டுகளில் பால் குறைந்ததும் சாய்க்கப்படும். முன்பு விறகாய் எரிந்த அம்மரம், இன்று அறைகலன்களாகவும் பரிமாறும் தட்டுகளாகவும் கிண்ணங்களாகவும் உலகச் சந்தைக்குச் செல்கிறது. அம்மரத்தடியில் மங்கு துடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ, மரக்கிண்ணம் என்றாலே பழைமை, அழுக்கு!

எல்லாப் பாத்திரங்களையும் மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. சோறு பரிமாற ஓர் அகப்பை, சுண்டலும் பழமும் வைக்க ஒரு மரக்கிண்ணம் போதும். பிள்ளையே எடுக்கட்டும், பிள்ளையே கழுவி வைக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த பொங்கலுக்கு அந்த அட்டையை மாற்றி எழுதுவோம்: "எடுத்துப் பரிமாறுக!"