கோப்புகளின் அறம்: கிரேஸ் அபட் குறித்து

அரசு அலுவலகத்தைப் பற்றி இலக்கியம் நமக்களித்த சித்திரம் பெரும்பாலும் கசப்பானது. கோகலையும் காஃப்காவையும் வாசித்து வளர்ந்த மனத்திற்கு நிர்வாகம் என்பது மனிதனை ஓர் எண்ணாகச் சுருக்கும் இயந்திரம். இச்சித்திரம் பொய்யென்று யாரும் சொல்லமாட்டார்கள். பாதி உண்மை என்பதே என் கருத்து. மீதிப் பாதியைக் காண விரும்புவோர்க்கு அமெரிக்கரான கிரேஸ் அபட்டின் வாழ்க்கையைப் பரிந்துரைப்பேன்.

1878-ல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் பிறந்தவர். 1908-ல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸின் ஹல் ஹவுஸில் குடியேறி, புலம்பெயர்ந்தோரைப் பாதுகாக்கும் சங்கமொன்றின் பொறுப்பை ஏற்றார். மொழி தெரியாமல் தனியாக ரயிலில் வந்திறங்கும் பெண்களை உரிய முகவரியில் சேர்ப்பதும், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றும் தரகர்களைக் கண்காணிப்பதும் அச்சங்கத்தின் அன்றாடப் பணிகள். கருணை உள்ளவர்கள் பலர் இத்துடன் நின்றுவிடுவார்கள். அபட் சட்டத்தை நோக்கிச் சென்றார்.

1916-ல் அமெரிக்காவின் முதல் கூட்டாட்சிக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைத்த ஆலைகளின் சரக்கு மாநில எல்லையைத் தாண்டலாகாது என்றது அது. அமல்படுத்தும் பொறுப்பு குழந்தைகள் நலப் பணியகத்தைச் சேர்ந்தது. அதற்கெனவே 1917-ல் அபட் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். அங்கே எதிர்ப்பட்ட கேள்வி மிக எளியது: ஆலை வாசலில் நிற்கும் இந்தச் சிறுவனின் வயது என்ன? நாட்டின் பல பகுதிகளில் அன்று பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லை. ஞானஸ்நானப் பதிவேடு, குடும்ப விவிலியத்தின் முன்பக்கத்தில் எழுதிவைத்த குறிப்பு, இவையும் கிடைக்காவிடில் மருத்துவரின் மதிப்பீடு என்று சான்றுகளைத் தேடி வயதை நிறுவ வேண்டியிருந்தது. மனிதாபிமானம் சொற்பொழிவிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்குமிடம் இதுவே என நினைக்கிறேன். காகிதத்தில் ஒரு தேதி இல்லையென்றால் அப்பிள்ளைக்குச் சட்டமும் இல்லை.

சட்டம் செயல்பட்டது ஏறத்தாழ ஒன்பது மாதங்களே. தன் மகன்கள் பஞ்சாலையில் வேலை செய்யும் உரிமை கோரி வட கரோலினாவில் ஒரு தந்தை தொடுத்த வழக்கில், 1918 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாததாக்கியது. அபட் சோர்ந்து அமரவில்லை. அது போர்க்காலம். அரசு தனியாருடன் செய்துகொள்ளும் போர்த் தளவாட ஒப்பந்தங்களில் குழந்தை உழைப்பைத் தடுக்கும் நிபந்தனை இடம்பெற வழிசெய்தார்.

1921 முதல் 1934 வரை அப்பணியகத்தின் தலைவராக இருந்தார். தாய்சேய் நலத்திற்கான ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்தை மாநிலங்களின் வழியாக நடத்தியவர் அவரே. அதையும் நிதியின்றி 1929-ல் சாகவிட்டது நாடாளுமன்றம். ஆனால் 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தாய்சேய் நலம் மீண்டும் இடம்பெற்றது. அதை வரைந்த குழுவிற்கு ஆலோசனை கூறியவர்களில் அவரும் ஒருவர்.

பதவியிலிருந்து விலகிய 1934-லேயே அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொதுநல நிர்வாகப் பேராசிரியரானார். அங்குள்ள சமூக சேவை நிர்வாகப் பள்ளியின் முதல்வர் அவருடைய மூத்த சகோதரி ஈடித் அபட். களத்தில் நின்றவர் வகுப்பறைக்கு வருவதை ஓய்வு என்று கருதும் வழக்கம் எங்குமுண்டு. நான் அதை ஏற்கவில்லை. 1938-ல் இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'குழந்தையும் அரசும்' என்னும் நூல் சட்டங்கள், தீர்ப்புகள், அறிக்கைகள் ஆகிய ஆவணங்களின் தொகுப்பு. தன்னை முன்னிறுத்தி ஒரு நினைவுக்குறிப்பு எழுதியிருக்கலாம். அவரோ அடுத்துவரும் அதிகாரியின் மேசைக்குத் தேவையானதை விட்டுச் சென்றார். தோற்ற சட்டங்களையும் மாணவன் படிக்கவேண்டும், ஏன் தோற்றன என்று அறியவேண்டும். இதைவிடப் பயனுள்ள ஆசிரியப்பணி எனக்குத் தெரியவில்லை.

இவ்வாழ்க்கையைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அவர் காலத்துச் சீர்திருத்தங்களில் பெரிய ஓட்டைகள் இருந்தன. 1935-ன் முதியோர் காப்பீடு விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டது. கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்திய 1938-ன் சட்டமும் வயலில் உழைத்த பிள்ளைகளுக்குப் பெரிதாக உதவவில்லை. நிர்வாகம் யாரைப் பட்டியலில் சேர்க்கிறதோ அவர்களுக்கே அரசு உண்டு என்ற பாடம் இங்கும் தொடர்கிறது.

1939 ஜூனில், அறுபது வயதில் அபட் மறைந்தார். 1918-ன் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தானே தள்ளுபடி செய்தது 1941-ல். அவர் அதைக் காணவில்லை.

2023-ல் ஆர்கன்சாஸ் மாநிலம், 16 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்க வயதை உறுதிசெய்யும் அனுமதிச் சான்று தேவை என்ற விதியை நீக்கியது. அது வீண் காகிதச் சுமை என்பது ஆதரித்தவர்களின் வாதம். அலுவலகத்தையும் அதன் தாள்களையும் எள்ளி நகையாடப் பழகிய நமக்கும் இவ்வாதம் முதற்கேட்பில் நியாயமாகவே ஒலிக்கும். அந்த ஒரு தாளுக்காக ஒருவர் தன் வாழ்நாளைச் செலவிட்டார் என்று அறிந்தபின் அப்படி ஒலிக்குமா என்பதே என் கேள்வி.