சுருதி சேர்ந்தால் போதுமா?



ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வினெட்டும் அமெரிக்க கன்ட்ரி இசையுலகில் புகழ்பெற்ற பாடகர்கள். 1969இல் மணம் முடித்தவர்கள். 1971இல் தங்கள் முதல் ஜோடிப்பாடல் தொகுப்பை வெளியிட்டார்கள். ஜார்ஜின் குடிப்பழக்கம் அந்த இல்லறத்தை அரித்தது. 1975இல் மணவிலக்கு ஆயிற்று. மறு ஆண்டிலேயே 'கோல்டன் ரிங்' என்னும் தொகுப்பு வந்தது. அடகுக்கடையில் வாங்கிய திருமண மோதிரம் மீண்டும் அடகுக்கடைக்கே திரும்புவதைச் சொல்லும் அதன் தலைப்புப் பாடல், கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது. இல்லறம் முறிந்த பின்னும் குரல்கள் இசைந்தே ஒலித்தன.

அவர்களை நியாயந்தீர்க்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் நம் சபையை நாம் ஆராய்ந்து பார்க்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து பாடினால், "ஆசீர்வதிக்கப்பட்ட குடும்பம்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். அந்தப் புகழ்ச்சியே, வீட்டில் கண்ணீர் வடிக்கும் ஒரு சகோதரியின் வாயை அடைத்துவிடக்கூடும். பாட்டைப் பாராட்டுவோம், வீட்டிற்கு நற்சான்று வழங்க அவசரப்படாதிருப்போம்.

சகோதரியே, அடியையும் அவமதிப்பையும் மறைப்பது பொறுமை அன்று. யாரிடமாவது சொல்லுங்கள், உங்களுக்குப் பாதுகாப்பான இடம் தேடித் தருவது சபையின் கடமை. சகோதரனே, குடியிலிருந்து விடுபட ஜெபத்தோடு மருத்துவ உதவியையும் நாடுவது வெட்கம் அன்று.

ஆராதனையில் ஒலிபெருக்கியின் முன் நாம் காட்டும் கனிவு, இந்த வாரம் நம் அடுக்களையிலும் கேட்கப்படுவதாக.

கர்த்தர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.